தேயிலைக் கொட்டையும் சிரட்டைத் தராசும்

வட்டகொடையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியையின் பையைக் கவிழ்த்தால் புத்தகம் கடைசியில்தான் விழும். முதலில் கொட்டுவது தேயிலைக் கொட்டைகள். பிறகு தைலமரத்துக் காய்கள், காய்ந்த சிரட்டை இரண்டு, சட்டை மாட்டும் கம்பி ஒன்று, சணல் கயிறு, கழுவித் துடைத்த பவுடர் டின், மலிபன் பிஸ்கட் உறை, சன்லைட் சவர்க்கார உறை, வெறும் நெருப்புப் பெட்டிகள் இருபது. இருபது வருடங்களுக்கு மேலாக இந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் அவர் வகுப்புக்குப் போகிறார். உள்ளே இருக்கும் சாமான்கள் உடைந்து, தொலைந்து, மறுபடி சேர்ந்திருக்கின்றன. பை மட்டும் மூன்றாவது.

தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் ‘இங்கிலீஷ் டீச்சர்’. பிறந்ததும் அங்கேதான். கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறும் ரயில் பாதையில் தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவில் வட்டகொடை ஸ்டேஷன். ஸ்டேஷனைச் சுற்றிய மலைகளில் லயங்கள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அம்மா கொழுந்தெடுத்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார். மகள் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிற்சி முடித்து ஊர்ப்பக்கமே நியமனம் வாங்கி வந்தார்.

அவர் பயிற்சி பெற்றது ஆரம்பக் கல்வி புதிதாக மாறியிருந்த காலம். 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து, 1999இல் நாடு முழுவதும் கொண்டுவரப்பட்ட சீர்திருத்தம் சின்ன வகுப்புகளின் வேலையை மூன்றாகப் பிரித்தது: விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. முதல் இரண்டு தரங்களில் விளையாட்டுக்கே பெரிய பங்கு. ஆங்கிலத்தை அந்தத் தரங்களில் எழுதப் படிக்கச் சொல்லித்தரக் கூடாது, செய்யும் வேலையோடு சேர்த்து வாயால் மட்டும் பழக்க வேண்டும், முறையான பாடம் மூன்றாம் தரத்திலிருந்து தொடங்கும் என்பது ஏற்பாடு. கல்லூரியில் இதையெல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் முதல் சில வருடங்கள் டீச்சர் செய்தது வேறு. அவர் சொல்வார், நாற்பது பிள்ளைகள் கூடச் சேர்ந்து கத்துவார்கள். சத்தம் அடுத்த வகுப்புவரை கேட்கும். பாடம் நடக்கிறது என்று அவரும் நம்பினார்.

அந்த நம்பிக்கையைக் கலைத்தது ஒரு சிறுமியின் மௌனம்.

2010 தொடக்கத்தில் மூன்றாம் தரத்தில் அவளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவளுடைய தாத்தா 1977 இனக்கலவரத்தில் இந்த மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடியவர். அந்த வருடமும், பிறகு 1981இலும் 1983இலும், மலையகத்திலிருந்து உயிர் தப்பிப் போனவர்கள் பலர் வன்னியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். காந்தீயம் என்ற அமைப்பு அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டது, சிறுவர் பள்ளிகளும் நடத்தியது. முப்பது வருடத்துக்குப் பிறகு, 2009இல் போர் முடிந்தபோது, அந்தக் குடும்பங்களில் பல செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் முள்கம்பிக்குள் இருந்தன. அப்போது வன்னியிலிருந்து வந்து முகாம்களில் அடைபட்டிருந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் அதிகம். வெளியில் விடத் தொடங்கியதும் சிலர் சொந்தக்காரர் இருந்த ஊர்களைத் தேடிப் போனார்கள். தாத்தா விட்டுப்போன மலைக்கே பேத்தி வந்து சேர்ந்தாள்.

வகுப்பில் அவளுக்குப் பெயர் வைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ‘அகதிப் புள்ள.’ யாரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டதைப் பிள்ளைகள் அப்படியே கொண்டுவந்தார்கள். அதைவிடப் பெரிய இடி இன்னொரு பக்கமிருந்து வந்தது. “சாப்டியா?” என்று பக்கத்துப் பிள்ளை கேட்டதற்கு அவள் “ஓம்” என்றாள். வாங்கு முழுவதும் சிரித்தது. இங்கே ‘ஆமா’, அங்கே ‘ஓம்’. இங்கே பேசுவார்கள், அங்கே கதைப்பார்கள். சொந்தத் தமிழே தன்னை வேற்றாளாகக் காட்டிக்கொடுக்கிறது என்று அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

டீச்சர் முதலில் செய்தது தவறு. ஒவ்வொரு நாளும் அவளை எழுப்பிக் கேள்வி கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அவள் எழுந்து நிற்பாள், கீழே பார்ப்பாள், உட்கார்வாள். ஒரு வாரம் இப்படிப் போன பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு ஒரு வேலை கொடுத்தார். தேயிலைக் கொட்டைகளைப் பவுடர் டின்னிலிருந்து எடுத்துக் குழுவுக்குப் பத்தாகப் பங்கு வைக்க வேண்டும். பேசத் தேவையில்லை. டீச்சர் கொட்டையைக் காட்டி “கிவ்” என்பார், அவள் கொடுப்பாள். “டேக்” என்பார், எடுப்பாள். “புட் இட் இன்” என்பார், டின்னுக்குள் ‘டொக்’ என்று விழும். சொன்னது விளங்கியதா இல்லையா என்பதற்கு அந்த ‘டொக்’ போதும். பதில் சொல்ல வாய் எதற்கு?

தராசு வந்தது அதற்கு அடுத்த மாதம். சட்டைக் கம்பியின் இரண்டு முனையிலும் சணல் கட்டிச் சிரட்டைகளைத் தொங்கவிட்டால் தராசு தயார். தோட்டத்துப் பிள்ளைக்கு நிறுவை என்பது தெரியாத விஷயமில்லை. அம்மா கூடையோடு கொழுந்து மடுவத்துக்கு வந்து நிற்பதையும், தராசு முள் ஆடுவதையும், மழை நாளில் ஈரக் கொழுந்துக்கென்று கிலோ கழிப்பதையும், அம்மாவின் முகம் மாறுவதையும் பார்த்தே வளர்ந்தவர்கள். அதனால் விளையாட்டுக்கு விதி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவன் கணக்கப்பிள்ளை ஆனான். நாலு பேர் கொழுந்தெடுத்து வந்தார்கள். அவன் சிரட்டையைப் பார்த்து, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, “லெஸ்!” என்றான். வரிசையில் மூன்றாவதாக நின்ற அந்தச் சிறுமி தன் சிரட்டையில் இன்னும் ஒரு கொட்டையைப் போட்டாள். அவன் மறுபடியும் “லெஸ்!” என்றான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த எல்லாக் கொட்டையையும் போட்டுவிட்டு “மோர்!” என்று கத்தினாள்.

வகுப்பு ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு பின்வாங்கிலிருந்து ஒருவன், “மோர் குடிக்கிறதா டீச்சர்?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவர்கள் சிரித்தது அந்தச் சொல்லைப் பார்த்து.

டீச்சர் தன் தொழிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இடத்துக்குத் திரும்பி வருவார். அவர் கண்டுகொண்டது இதுதான்: ‘ஓம்’ என்ற சொல்லுக்கு ஊர் உண்டு, ‘ஆமா’வுக்கும் ஊர் உண்டு, ‘மோர்’ மட்டும் அந்த வகுப்பில் யாருடைய ஊருக்கும் சொந்தமில்லை. ஆங்கிலம் என்று வரும்போது நாற்பது பேரும் அன்றைக்குத்தான் வந்து இறங்கியவர்கள். இடம்பெயர்ந்து வந்த பிள்ளை மற்றவர்களோடு ஒரே கோட்டில் நிற்கக் கிடைக்கும் பாடம் அது. பரீட்சைக்காக அவசரப்பட்டு அதையும் பயப்படுத்தும் பாடமாக்கினால் அந்தக் கோடு போய்விடும்.

பேசுவதற்கு முன்னால் கேட்டுச் செய்யவிடும் இந்த வழிக்கு வெளியுலகிலும் பெரிய ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் சான் ஹோசேயில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். கைக்குழந்தை “வா”, “எடு”, “குடு” என்பதையெல்லாம் கேட்டுச் செய்யப் பழகி வெகுகாலம் கழித்துத்தான் பேசுகிறது. இரண்டாம் மொழிக்கும் அதே வழிதான் இயல்பானது என்பது அவர் வாதம். புது மொழிக்குள் வந்த பிள்ளை வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பது சகஜம் என்று மொழி படிப்பிக்கிறவர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். மௌனமாக இருக்கும் பிள்ளை படிக்காமல் இல்லை. உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சிறுமிக்குப் பிறகு டீச்சரின் பை பெருத்தது. தைலமரத்துக் காயைப் பம்பரம் போலச் சுற்றவிட்டு “ஃபாஸ்ட்”, “ஸ்லோ”, “ஸ்டாப்” வந்தது. கொழுந்தெடுக்கும் கை அசைவே ஒரு விளையாட்டானது. இரண்டு கையாலும் “பிக், பிக், பிக்”, தோளுக்கு மேலே “த்ரோ!”, கூடை நிறைந்ததும் “ஹெவி!” அந்த அசைவு அம்மாவினுடையது. கையும் தோளும் ஏற்கெனவே அறிந்த வேலைக்கு வாய் ஒரு புதுப் பெயர் சொல்கிறது, அவ்வளவுதான். கடை விளையாட்டில் உறைகளை அடுக்கினால், எழுத்தே படிக்கத் தெரியாத பிள்ளையும் சன்லைட்டையும் மலிபனையும் சரியாக எடுத்துத் தரும். ஆங்கில எழுத்தின் முதல் வாசிப்பு அதுதான் என்று சொல்லி, டீச்சர் அந்த உறைகளிலிருந்தே எழுத்துகளை வெட்டி எடுக்க வைப்பார்.

லயத்துப் பேச்சிலும் அவருக்குப் புதையல் கிடைத்தது. எந்தத் தோட்டத்துப் பாட்டியும் ஒரு நாளைக்கு ஐம்பது ஆங்கிலச் சொல்லாவது பேசுகிறார். லயம் என்பது ‘லைன்’. காலையில் ஆள் கூடும் பெரட்டு ‘பரேட்’. தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையா ‘கண்டக்டர்’. செக்ரோல், டிவிஷன், டிஸ்பென்சரி எல்லாம் அப்படியே இருக்கின்றன. லயத்து அறையான காம்பரா போர்த்துக்கீசரிடமிருந்தும் வாசல் திண்ணையான இஸ்தோப்பு ஒல்லாந்தரிடமிருந்தும் வந்து நம் நாக்கில் வீடு கட்டிக்கொண்டவை. “உங்க அம்மாயிக்கு இங்கிலீஷ் தெரியும், போய்க் கேட்டு அஞ்சு சொல்லு கொண்டாங்க” என்று பிள்ளைகளை அனுப்புவார். மறுநாள் பாட்டியே சில நேரம் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார், தனக்கு ஆங்கிலம் தெரியும் என்று எழுபது வயதில் முதல்முறை கேள்விப்பட்ட ஆச்சரியத்தோடு.

எல்லாம் இப்படி நல்லதாகவே நடந்துவிடவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு மலையகமெங்கும் லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டைப் பார்க்கும் கண் மாறியது. சரிவு அபாயம் என்று வெளியேற்றப்பட்ட குடும்பம் ஒன்று சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது, அவர்களுடைய பையன் டீச்சரின் வகுப்புக்கு வந்தான். அந்த வாரத்துப் பாடம் ‘மை ஹவுஸ்’. டீச்சர் உற்சாகமாக நெருப்புப் பெட்டிகளைக் கொட்டி, ஆளுக்கொரு வீடு கட்டச் சொன்னார். அவன் பத்துப் பெட்டிகளை வரிசையாக ஒட்டி ஒரு லயம் கட்டினான். கதவு வெட்டினான், வாசலில் வாளி வைத்தான். வகுப்பிலேயே அழகான வீடு அதுதான். டீச்சர் அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, “சொல்லு தங்கம், திஸ் இஸ் மை ஹவுஸ்” என்றார்.

அவன் அதைப் பிடுங்கி மிதித்தான். மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை.

டீச்சர் தேடிப் போனார். பாட்டி இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். “வீட்டப் பத்தி யாரும் கேட்டா அவன் சோறு திங்கிறதில்ல டீச்சரம்மா. நீங்க நல்லதுக்குத்தான் கேட்டிருப்பீங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை டீச்சர் இன்றும் மறக்கவில்லை. அன்று இரவு நோட்டுப் புத்தகத்தில் தனக்கென்று எழுதிவைத்தவற்றை இப்போதும் கடைப்பிடிக்கிறார். புதிதாக வந்த பிள்ளையிடம் முதல் தவணையில் வீடு, குடும்பம், ஊர் பற்றிய பாடம் இல்லை. முதலில் நிறம், எண், மேலே, கீழே, உள்ளே, வெளியே. கையில் எடுக்கக்கூடிய, எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கக்கூடிய சாமான்களின் பெயர் மட்டும். பிள்ளை செய்ததைக் கேட்காமல் மற்றவர்களுக்குக் காட்டுவதில்லை. உடைத்தால் திட்டுவதில்லை, ஒட்ட வேண்டும் என்று வற்புறுத்துவதும் இல்லை.

இந்த விதிகளை ஏற்க வைப்பதில் பெற்றோர்தான் பெரிய சோதனை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. “வெளையாடவா டீச்சர் புள்ளைய அனுப்புறோம்? ஏ பி சி டி எழுதச் சொல்லுங்க” என்று ஒரு தாய் வந்து கேட்டார். கேட்டவரை டீச்சர் வகுப்பில் உட்காரவைத்துச் சிரட்டைத் தராசைக் கையில் கொடுத்தார். பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்க, அம்மாவே கணக்கப்பிள்ளை. பத்து நிமிடத்தில் அவர், “இல்ல இல்ல, நம்ம புள்ள கொண்டாந்ததுதான் மோர்” என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது வீட்டில் சும்மா கிடக்கும் சிரட்டைகளை அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவும் செய்தார்.

விளையாட்டு என்பது மிஞ்சிய நேரத்துச் சலுகை இல்லை. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாடுவதைச் சிறுவரின் உரிமையாகவே சொல்கிறது. இலங்கை 1991இல் அதை உறுதிப்படுத்தியது. இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு விளையாட்டையே பாடமாக்கிப் பெரிய அளவில் செய்து காட்டிய ஓர் இடம் பங்களாதேஷின் கொக்ஸ் பஜார். 2017இல் மியன்மாரிலிருந்து ஓடிவந்த ரோஹிங்கியா பிள்ளைகளுக்காக, பிராக் என்ற பங்களாதேஷ் தொண்டு நிறுவனம் முகாம்களில் விளையாட்டுக் கூடங்கள் அமைத்தது. அங்கே அவர்களுடைய தாய்மார் பாடும் கப்யா என்ற எதுகைப் பாட்டுகளும், அவர்கள் ஊர்ச் சித்திர வேலையும்தான் முதல் பாடப்பொருள். வெளியிலிருந்து பொம்மை இறக்கி அடுக்குவதைவிட, பிள்ளையின் கைக்கும் காதுக்கும் பழகியதிலிருந்து தொடங்குவது பலன் தருகிறது என்று அங்கே கண்டார்கள். தேயிலைக் கொட்டையை வைத்து டீச்சர் கண்டதும் இதுதான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் பிளந்து இறங்கின. ஆட்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் தங்கினார்கள். மலையக ரயில் பாதை பல இடங்களில் மண்ணோடு போனது. பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்தபோது டீச்சரின் வகுப்புக்கு வேறு தோட்டத்திலிருந்து புதிய முகங்கள் வந்தன. அவர்களில் இரண்டாம் தரப் பையன் ஒருவன், தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினாலே மேசைக்குக் கீழே போய்விடுவான். வெளியே வா என்று யாரும் இழுக்கக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை.

அவனுக்காகவே ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். எல்லாரும் ஒரு விரலால் மேசையைத் தட்டினால் “ஸ்மால் ரெயின்”. நாலு விரலால் தட்டினால் “பிக் ரெயின்”. உள்ளங்கையால் அடித்தால் “வெரி பிக் ரெயின்”. தலைவன் கையை உயர்த்தி “ஸ்டாப்” என்றால் சத்தம் அந்த நொடியே நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தலைவன். அவன் மூன்று வாரம் மேசைக்குக் கீழேயிருந்தே பார்த்தான். கீழேயிருந்து அவன் விரலும் தட்டுவதை டீச்சர் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, உண்மையான மழை கூரையில் கொட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் வெளியே வந்து முன்னால் நின்றான். நாற்பது பேர் உள்ளங்கையால் அடித்தார்கள். அறை அதிர்ந்தது. அவன் கையைத் தூக்கினான். “ஸ்டாப்.” மேசைகள் அடங்கின. கூரை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அவன் மேலே பார்த்தான், வகுப்பைப் பார்த்தான், “அகேன்” என்றான். அன்று மொத்தம் பதினொரு தடவை மழை நின்றது.

பயம் போய்விட்டது என்று டீச்சர் சொல்லமாட்டார். அடுத்த மழைக்கு அவன் மறுபடியும் கீழே போனான். ஆனால் சீக்கிரம் வந்தான்.

ரயில் ஓடாத அந்த வாரங்களில் வகுப்பில்தான் ரயில் ஓடியது. பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றுவார்கள். “கோ”, “ஸ்லோ”, “ஸ்டாப்”, “கெட் இன்”, “கெட் டவுன்”. தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்லை, நானுஓயா என்று ஸ்டேஷன் வரிசை மாறக்கூடாது, மாறினால் நிலையப் பொறுப்பாளராக இருக்கும் பிள்ளை விடாது. ஒரு நாள், மழைக்கு மேசைக்குக் கீழே போகும் அந்தப் பையன் டிரைவர். நானுஓயா தாண்டியும் நிற்காமல் ஓட்டிக்கொண்டு போனான். விளையாட்டு மைதானத்தின் கோடியில், பழைய தேயிலைச் செடி ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி, ஒரு தோட்டத்தின் பெயரை உரக்கச் சொன்னான். அங்கே ரயில் பாதையே கிடையாது. அது அவன் தோட்டம்.

“கெட் டவுன்” என்றான். எல்லாரும் இறங்கினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். டீச்சர் பின்னால் வந்து, மெதுவாக, “வாட் இஸ் ஹியர்?” என்று கேட்டார். அவன் யோசித்தான். செடியின் அடியைக் கையால் காட்டி, “பீலி” என்றான். “வாட்டர். கோல்ட் வாட்டர். பீலி.”

‘டேப்’ என்று ஒரு பிள்ளை திருத்தப் பார்த்தது. டீச்சர் தலையசைத்து, “பீலி” என்று தானும் சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்து இரண்டு கையையும் குவித்து, இல்லாத தண்ணீரை ஏந்திக் குடித்தார்கள். அவன் ஓரமாக நின்று, வரிசையில் யாரும் முந்தாமல் பார்த்துக்கொண்டான். கடைசிப் பிள்ளையும் குடித்து முடித்த பிறகு, “கெட் இன்” என்று சொல்லி முன்னால் போய் நின்றான்.